கோலின் மேல் ஒரு கோப்பை

அன்றைக்கு அத்தை வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்:

லுகேர்யா ஃபொமீனிச்னா. என் அப்பாவின் தங்கை. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சாராயம் காய்ச்சும் செம்பு அண்டா அவருடையது.

யெவ்சேய் புரோகோப்பிச். எதிர்வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர். திராட்சை அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். அண்டாவுக்குள் போகவேண்டிய திராட்சைச் சக்கை அவருடையது.

ஹர்லாம்பி. கிரேக்கர். மீனைப் புகைபோட்டு விற்கிறார். கதவில் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். பெண் கேட்கும் தூதுவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர்.

தெஸ்பீனா. ஹர்லாம்பியின் மனைவி. அவர் சொல்வதையெல்லாம் திருத்துபவர்.

தீஹன், அதாவது நான். துறைமுகத் தானியக் கிடங்கில் இரவு வேலை முடித்துவிட்டு, தூங்காமல் நேராக அங்கே போனவன்.

ஒரு சேவல். தள்ளுவண்டியிலிருந்து சிந்திய சக்கையைக் கொத்தித் தின்றுவிட்டு, மற்றவர்கள் தொடங்கும் முன்பே போதையேறி வேலியில் சாய்ந்து நின்றது.

யெவ்சேய் என் அத்தையைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அவருடைய கொட்டகையிலேயே ஓர் அண்டா இருக்கிறது, அத்தையுடையதைவிடப் பெரியது. ஆனாலும் மூன்று வருடமாக ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சக்கையைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவைக் கடந்து இங்கே கொண்டுவருவார். தன் அண்டா ஒழுகுகிறது என்பார். அது ஒழுகவில்லை. அதில் அவர் முட்டைக்கோஸ் ஊறப்போடுவதை நானே பார்த்திருக்கிறேன். சொட்டுக்கூட வெளியே வந்ததில்லை.

சிக்கல் இதுதான். குடிக்காமல் யெவ்சேய்க்கு வாய் திறக்காது. குடித்துவிட்டுக் கேட்டால் அத்தைக்குக் காது திறக்காது.

அத்தையின் புருஷன் அர்ஹீப் குடித்துவிட்டுத்தான் அவரைப் பெண் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் முக்கியமான எதையும் குடிக்காமல் சொன்னதில்லை. கிணறு வெட்டுகிறேன் என்பார், கடல்பக்கம் கூட்டிப்போகிறேன் என்பார், மறுநாள் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. கடைசியில் ஈரல் கெட்டுச் செத்தார். அத்தைக்குச் சாராயத்தின் மேல் கோபம் கிடையாது. திராட்சைச் சக்கையிலிருந்து அவர் காய்ச்சும் சாச்சாவுக்கு ஈடாக எங்கள் ஊரில் வேறு சரக்கு இல்லை. கோபமெல்லாம் அது பேசும் பேச்சின் மேல்தான். அந்தக் கோடையில் ஹர்லாம்பி மேல்சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு போய் யெவ்சேய்க்காகப் பெண் கேட்டபோது அத்தை சொன்ன பதிலைத் தெஸ்பீனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

"அவருக்கு வாய் இல்லையா? அவரே வந்து கேக்கட்டும். குடிக்காம கேக்கட்டும். குடிச்சுட்டு கேட்டா என் காதுல விழாது."

கோடை போனது. அறுவடை போனது. யெவ்சேய் கேட்கவில்லை. இப்போது அவகாசமும் இல்லை. அத்தையின் மகள் லரீசா க்ராஸ்னதார் நகரத்தில் பத்தாவது மாடியில் இருக்கிறாள், இப்போது மாசமாக இருக்கிறாள். அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள மறுநாள் காலையில் காரோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அத்தையின் தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் பெட்டிகளில் ஏறிவிட்டன. அண்டா ஹர்லாம்பிக்கு என்று பேச்சாகிவிட்டது. இது கடைசிக் காய்ச்சல். இன்றைக்குக் கேட்காவிட்டால் யெவ்சேய் இனி எதிரே பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் போனபோது யெவ்சேய் அண்டாவுக்குள் தலையை விட்டு, அடியில் காய்ந்த திராட்சைக் கொம்புகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். கொம்பு இல்லாமல் போட்டால் சக்கை அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்த சாச்சா கருகிய தலைமயிர் வாடை அடிக்கும், பிறகு அதை எதுவும் காப்பாற்றாது.

"குறுக்கும் நெடுக்குமா போட்டீங்களா?" என்றார் அத்தை.

"ம்," என்றது அண்டா.

"பாருடா தீஹன்," என்றார் ஹர்லாம்பி. "காலையிலேயே ஒரு 'ம்' வந்துடுச்சு. இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள ஒரு முழுப் பேச்சு வந்துடும்."

"உன்னை மாதிரி வாய் அவருக்கும் இருந்தா லுகேர்யா எப்பவோ ஊரை விட்டு ஓடியிருப்பா," என்றார் தெஸ்பீனா. "போய் விறகை எடு."

சக்கை மஸ்கட் திராட்சையுடையது. ஒயினுக்குப் பிழிந்த பிறகு மிஞ்சிய தோலும் விதையும் காம்பும். யெவ்சேய் அதைப் பீப்பாயில் இறுக்கி மிதித்து, மேலே களிமண் பூசி வைத்திருந்தார். களிமண்ணை உடைத்ததும் முற்றம் முழுக்கத் தேனும் ஈரமண்ணும் கலந்த வாசனை. அத்தை குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"இந்த வருஷம் நல்லா வச்சிருக்கீங்க யெவ்சேய் புரோகோப்பிச். காடியாகல."

யெவ்சேயின் காது சிவந்தது. வாயைத் திறந்தார். நாங்கள் மூவரும் கையிலிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு நின்றோம்.

"லுகேர்யா ஃபொமீனிச்னா..."

"சொல்லுங்க."

"விறகு ஈரமா இருக்கு."

விறகு நன்றாகவே காய்ந்திருந்தது. சக்கையை நிரப்பினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், மூடியை வைத்தார்கள். மூடிக்கும் அண்டாவுக்கும் நடுவே இருந்த இடுக்கை அத்தை கறுப்பு ரொட்டி மாவால் அடைத்தார். கட்டைவிரலால் ஒரு சுற்று அழுத்திக்கொண்டே வந்தார். யெவ்சேய் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பு மூட்டினோம்.

சக்கை சூடேற நேரமெடுக்கும். தீயை அவசரப்படுத்தக் கூடாது. அந்த இடைவெளியில் ஹர்லாம்பி, விறகு பிளக்கலாம் என்று சொல்லி யெவ்சேயைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். போனதும் இடுப்பிலிருந்து ஒரு தட்டைப் புட்டி வெளியே வந்தது.

"ஒரே ஒரு மடக்கு. நாக்கு அவிழும்."

"வேண்டாம்."

"யாருக்குத் தெரியப்போவுது? ஒரு மடக்கு போட்டுட்டுப் பூண்டைக் கடிச்சுக்க."

"அவங்க குடிக்காம கேக்கச் சொன்னாங்க."

"கேக்கச் சொன்னா! நீ குடிக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. நிக்கிற. எனக்குப் பாக்கவே முடியல யெவ்சேய். சத்தியமா நெஞ்சு வலிக்குது." சொல்லிவிட்டு அந்த மடக்கை அவரே குடித்தார். இன்னொன்றும் குடித்தார்.

யெவ்சேய் அன்றைக்கு ஒரு சொட்டும் தொடக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தார். அவர் அப்படித்தான். இயந்திரத்தை வரிசைக்குள் விட்டால் வரிசை முடியும்வரை திருப்ப மாட்டார். இந்த முடிவு தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசித்தாரா என்றால், இல்லை.

நாங்கள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது ஹர்லாம்பி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை அதைப் பார்த்தார். பிறகு யெவ்சேயைப் பார்த்தார். பிறகு தீயைப் பார்த்தார்.

மூடியிலிருந்து இறங்கும் குழாயின் முனையில் முதல் சொட்டு தொங்கியபோது எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். சேவல் மட்டும் ஏதோ சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டது. முதலில் வருவது கண்ணைக் குத்தும் சரக்கு, குடிக்கக் கூடாதது. அத்தை அதைத் தனி ஜாடியில் பிடித்து ஒதுக்கி வைத்தார், முழங்கால் வலிக்குத் தேய்க்க. வாசனை மாறும்வரை மூக்கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாறியதும் ஒரு கரண்டியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். நீலமாக எரிந்தது, புகையில்லை.

"வந்துடுச்சு!" என்று தெஸ்பீனா கைதட்டினார்.

இதற்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெதுவெதுப்பாக வரும் அந்த முதல் கோப்பையைச் சக்கையின் சொந்தக்காரர் குடிக்க வேண்டும். முழுதாக, அண்டாவின் சொந்தக்காரர் கண்ணெதிரே. குடிக்காமல் விட்டால், 'என் சக்கையை நீ கெடுத்துவிட்டாய்' என்று முகத்தில் அடித்துச் சொல்வது மாதிரி. அத்தை கோப்பையை நீட்டினார்.

யெவ்சேய் வாங்கினார். இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு கோப்பையை ஹர்லாம்பியிடம் கொடுத்துவிட்டார்.

"நல்லாருக்கு," என்றார்.

அத்தையின் கை நீட்டியபடியே இருந்தது. "வாயில வைக்காமலே தெரிஞ்சுடுச்சா?"

"வாசனையிலேயே தெரியுது."

"ஓ," என்றார் அத்தை. திரும்பிக் குழாய்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஹர்லாம்பி கோப்பையைப் பிடித்துக்கொண்டு, குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். இரண்டு நொடிதான். குடித்துவிட்டார்.

மத்தியானம் வால்நட் மரத்தடியில் மேசை போட்டோம். காயலிலிருந்து காற்று வந்தது, குளிர் இருந்தது, ஆனால் அடுப்பு பக்கத்திலேயே இருந்ததால் யாரும் கோட்டுப் போடவில்லை. புகைபோட்ட மடவை மீன், சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு, பூண்டு தேய்த்த பன்றிக்கொழுப்பு, வெள்ளைப் பாலாடைக்கட்டி, உப்பில் ஊறிய தக்காளி, உப்பில் ஊறிய தர்பூசணி. குடிக்க, போன வருடத்துச் சாச்சா. புதுச் சரக்கு வசந்தம்வரை சும்மா கிடக்க வேண்டும். அன்றைக்கே குடித்தால் சண்டைக்காரன் மாதிரி இருக்கும், வாசலிலேயே கத்தும்.

அத்தை ஊற்றுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். சின்னக் கண்ணாடிக் கோப்பை, பாதிக்குமேல் ஊற்ற மாட்டார். நிலவறைக் குளிர் போதும், ஐஸில் வைக்க விட மாட்டார். ஐஸில் வைத்தால் திராட்சை செத்துவிடும், வெறும் நெருப்புதான் மிஞ்சும் என்பார். கோப்பையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருக்க வேண்டும். மூக்கை உள்ளே விட்டு இழுக்கக் கூடாது, தூரத்தில் காட்டினால் போதும். மூச்சை வெளியே விட்டுவிட்டு ஒரு வாய். நாக்கில் ஒரு கணம் நிறுத்தி, விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். திராட்சை அப்போதுதான் வரும், போகிற வழியில் திரும்பிப் பார்ப்பது மாதிரி. அதன் பிறகு தர்பூசணி ஒரு துண்டு. இனிப்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஒருமுறை லரீசாவின் புருஷன் இதோடு கேக் சாப்பிட்டான். அத்தை அதை இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் கோப்பை கூடியிருப்பதற்காக. எல்லோரும் கோப்பைகளை இடித்துக்கொண்டோம். யெவ்சேய் உதட்டை நனைத்துவிட்டு வைத்தார்.

இரண்டாவது, காய்ச்சிய கைகளுக்காக. ஹர்லாம்பி எழுந்து நின்று பேசினார். "லுகேர்யா, உன் கை இங்கேயே இருக்கணும். க்ராஸ்னதார்ல அந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? லிஃப்டு பித்தானை அமுக்குவியா?"

"அண்டாவும் உனக்கு வேணும், அவளும் இங்கேயே இருக்கணுமா?" என்றார் தெஸ்பீனா.

"நான் பெரிய மனசுக்காரன். ரெண்டையும் ஆசைப்படுறேன்."

சிரித்தோம். குடித்தோம். யெவ்சேய் மறுபடியும் உதட்டை நனைத்தார்.

மூன்றாவது செத்தவர்களுக்கு. எழுந்து நின்று, பேசாமல், இடிக்காமல் குடிப்பது. அத்தை அர்ஹீப் பெயரைச் சொன்னார். யெவ்சேய் தன் மனைவி ஸினாய்தாவின் பெயரைச் சொன்னார். அந்தக் கோப்பையை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அதைக் குடிக்காமல் விட முடியாது. ஆனால் நாலாவதில் மறுபடியும் பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

ஹர்லாம்பி அக்கார்டியனை மடியில் எடுத்தார். தெஸ்பீனா சேவலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார், அதற்கு எதிர்ப்புச் சொல்லத் தெம்பில்லை. நான் தூங்காதவன், இரண்டு கோப்பை உள்ளே போனதும் கால் தானாக நடந்தது. அத்தையோடு ஆடினேன். அத்தை என்னை விட்டுவிட்டு யெவ்சேயின் கையைப் பிடித்து இழுத்தார். இதைக் கவனித்ததும் ஹர்லாம்பி பாட்டை மெதுவாக்கினார். யெவ்சேய் மூட்டை சுமப்பவர் மாதிரி கவனமாகக் காலெடுத்து வைத்தார்.

"லுகேர்யா ஃபொமீனிச்னா," என்றார்.

"சொல்லுங்க." அத்தையின் குரல் மிருதுவாக இருந்தது. எனக்கே கேட்டது.

"உங்க காலை மிதிச்சுட்டேன்."

"தெரியும். வலிச்சது எனக்குத்தான்." அத்தை கையை விட்டுவிட்டார். மேசைக்கு வந்து யெவ்சேயின் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. "ஒண்ணு கேக்குறேன் யெவ்சேய் புரோகோப்பிச். உண்மையைச் சொல்லுங்க. என் சரக்கு கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் கோழி தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கிறீங்க? கொட்டகைக்குப் பின்னாடி போய் வேற யார் வீட்டுச் சரக்கோ குடிக்க முடியுது. என்னோடது இறங்கலையா?"

யெவ்சேய் ஹர்லாம்பியைப் பார்த்தார். ஹர்லாம்பி அக்கார்டியனைப் பார்த்தார். தெஸ்பீனா வாயைத் திறக்கப் போனார், நான் அவர் காலை மிதித்தேன். இதை யெவ்சேய்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. வாய் திறந்தது, மூடியது. மறுபடியும் திறந்தது, மறுபடியும் மூடியது.

"சரி," என்றார் அத்தை. "நாளைக்கு நான் போயிடுவேன். அதுக்கப்புறம் உங்களுக்குப் புடிச்ச அண்டாவுல காய்ச்சிக்குங்க."

அதற்குப் பிறகும் சாப்பிட்டோம், பாடினோம், அண்டாவை இரண்டாம் தடவையும் ஏற்றி இறக்கினோம். ஆனால் அத்தை யெவ்சேய் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்பினார், இரண்டு கை தூரத்தில் இருந்த மனிதருக்கு.

சூரியன் காயலுக்குள் இறங்கியபோது தெஸ்பீனா கோட்டைத் தேடினார். அதுதான் கிளம்புவதற்கான அறிகுறி.

எங்கள் தெருவில் விருந்தாளி எழுந்து போய்விட முடியாது. உட்கார்ந்தபடி ஒரு வாய், எழுந்து நின்று ஒரு வாய், வாசற்படியில் ஒரு வாய், முற்றத்தின் நடுவில் ஒரு வாய். கடைசியாக, வேலிக்கதவருகே கோல்முனைக் கோப்பை. தடித்த தலையுள்ள ஒரு கோலை விருந்தாளி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். வழியனுப்புகிறவர் அதன் தலையில் கோப்பையை வைத்து ஊற்றுவார். கோப்பையைக் கையால் தொடாமல், உதட்டால் குடித்து முடிக்க வேண்டும். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்றால் ஆள் நிதானமாக இருக்கிறார், போகலாம். சிந்திவிட்டால் வழியில் விழுந்து கிடப்பார். அவரை வெளியே விடக் கூடாது. அந்த வீட்டிலேயேதான் படுக்க வேண்டும். குதிரையில் போய்வந்த காலத்து ஏற்பாடு. இப்போது எல்லோரும் பத்து வீடு தள்ளி இருக்கிறோம். ஆனாலும் விடுவதில்லை.

ஹர்லாம்பி கோலை வாங்கினார். அன்றைக்கு அவர் குடித்ததற்குக் கணக்கில்லை. ஆனால் கோல் அவர் கையில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. உதட்டைக் குவித்தார், உறிஞ்சினார், காலிக் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். என் முறையிலும் சிந்தவில்லை. தெஸ்பீனா கோலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நான் நிதானமாத்தான் இருக்கேன், இவரை இழுத்துக்கிட்டுப் போகணும்."

கடைசியில் யெவ்சேய்.

அத்தை அவர் கையில் கோலைத் திணித்தார். கோப்பையை மேலே வைத்து விளிம்புவரை ஊற்றினார். அவர் அப்படி ஊற்றி நான் பார்த்ததேயில்லை. "இதையாவது குடிங்க. நான் ஊத்துறதுல கடைசி."

யெவ்சேய் கோப்பையைப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் கை இயந்திரம் ஓட்டும் கை, நாள் முழுக்க ஒரு கோப்பைக்குமேல் குடிக்காதவரின் கை. குடித்தால் ஒரு சொட்டும் சிந்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். சிந்தாவிட்டால் அவர் வேலிக்கதவைத் தாண்டிப் போக வேண்டும். நாளைக்கு லரீசா வந்துவிடுவாள்.

அவர் நிமிர்ந்தார். அத்தையை நேராகப் பார்த்தார். கோலை மெதுவாக, மிக ஒழுங்காக, ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

கோப்பை சரிந்து புல்லில் விழுந்தது. சாச்சா மண்ணுக்குள் போனது.

தெஸ்பீனா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஹர்லாம்பி ஏதோ கிரேக்க வார்த்தை சொன்னார். எங்கள் ஊரில் நல்ல சரக்கை வேண்டுமென்றே கொட்டின ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன பண்றீங்க?" என்றார் அத்தை. குரல் கோபத்தில் உயர்ந்தது.

"சிந்திட்டேன்," என்றார் யெவ்சேய்.

"நீங்க சிந்தல. கொட்டினீங்க."

"ஆமா. கொட்டினேன். சிந்தினவன் போகக் கூடாதில்ல. நான் போக விரும்பல." நிறுத்தினார். எங்களுக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது. ஆனால் இந்த முறை வாய் மூடவில்லை. "இன்னைக்கும் போக விரும்பல, நாளைக்கும் விரும்பல. நீங்களும் போக வேண்டாம். உங்க கூரை ஒழுகுது, நான் சரி பண்றேன். என் அண்டா ஒழுகல, அது பொய். குடிச்சிருந்தா இதைவிட நல்லாப் பேசியிருப்பேன். குடிக்காம கேக்கச் சொன்னீங்க. அதான் காலையில இருந்து குடிக்கல. சரக்கு கெட்டுப்போனதால இல்ல. என்னைக் கட்டிக்குங்க லுகேர்யா."

நான் பார்த்த வருடங்களிலெல்லாம் அவர் பேசியதை ஒன்றாகச் சேர்த்தாலும் இவ்வளவு தேறாது.

அத்தை அவரிடம் போனார். மூக்குக்கு மூக்கு நெருங்கி நின்றார்.

"ஊதுங்க."

யெவ்சேய் ஊதினார்.

"இன்னொரு தடவை."

ஊதினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, குழாய் முனையருகே உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகத்தோடு முகர்ந்தார். "ஒரு கோப்பை. ஒண்ணே ஒண்ணு."

"செத்தவங்களோடது."

"கொட்டகைக்குப் பின்னாடி?"

"அது நான்," என்றார் ஹர்லாம்பி கையைத் தூக்கி. "ரெண்டு மடக்கும் நான்தான்."

"நாலு இருக்கும்," என்றார் தெஸ்பீனா.

அத்தை கண்ணைத் திறந்தார். ஒரு கணம் அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு. சிரித்து முடிக்கும் முன்பே குனிந்து கோப்பையை எடுத்து, பாவாடை நுனியில் துடைத்து, பாதிவரை ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"அடப்பாவி மனுஷா. நாள் முழுக்க என்னைச் சாகடிச்சுட்ட. இப்பக் குடி."

யெவ்சேய் வாங்கினார். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மூச்சை வெளியே விட்டார். ஒரு வாய் எடுத்து நிறுத்தி, விழுங்கி, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட்டார். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமாக அவிழ்ந்தது. அவ்வளவு நிம்மதியாக ஒருவர் குடித்து நான் பார்த்ததில்லை. காத்திருந்து குடிப்பதுதான் ருசி என்றால், அவர் மூன்று வருடம் காத்திருந்தார்.

"எப்படி?" என்றார் அத்தை.

"திராட்சையா இருக்கு."

"அது போதும்."

"அப்ப லரீசா?" என்றேன். யாராவது கேட்க வேண்டியிருந்தது.

"வரட்டும். சாப்பிட்டுட்டு, ரெண்டு புட்டி எடுத்துக்கிட்டுப் போகட்டும். குழந்தை பிறந்தா நாங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வருவோம். நீ பெட்டியெல்லாம் பிரிக்க நாளைக்கு வா."

"என் அண்டா?" என்றார் ஹர்லாம்பி. குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

"எந்த அண்டா?" என்றார் அத்தை.

தெஸ்பீனா புருஷன் கையைப் பிடித்து வேலிக்கதவுக்கு வெளியே இழுத்தார். போகிற போக்கில் என் முதுகில் ஓர் அடி. "என்னடா முழிக்கிற? யெவ்சேயை இனிமே அண்ணேன்னு கூப்பிடாத. மாமான்னு கூப்பிடு."

"மாமா," என்றேன்.

யெவ்சேய் மறுபடியும் பேச்சிழந்து போயிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். கோல் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தை அதைப் பிடுங்கி என்னிடம் எறிந்தார். "அங்க என்ன நின்னு வேடிக்கை? கிளம்புங்க எல்லாரும். நீயும் போடா, போய்த் தூங்கு. யெவ்சேய், செருப்பைத் துடைச்சுட்டு உள்ள வா."

நாங்கள் தெருவில் நின்றோம், போகவில்லை. ஹர்லாம்பி வேலிமேல் கையூன்றி எட்டிப் பார்த்தார். தெஸ்பீனா அவர் காதைப் பிடித்துத் திருப்பிவிட்டு, தானும் எட்டிப் பார்த்தார். யெவ்சேய் வாசற்படியில் செருப்பைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார், தானும் நுழைந்தார், எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.